சனிக்கிழமை ஆட்டம்

புத்தகத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் படம் வந்துவிட்டது, கடைசிப் பக்கத்தைத் தவிர. அதில் அகனிசி ஒரு கோடுகூட இழுக்கவில்லை. "இதை வேற யாரையாவது வச்சு வரைஞ்சுக்கோங்கக்கா. இனிமேலும் அப்படியே பாத்துக்கோங்க" என்று போனில் சொல்லி வைத்துவிட்டாள்.

சலசெய்னிக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் எழுதிய சிறுவர் கதைகளுக்கெல்லாம் படம் வரைந்தவள் அகனிசிதான். இந்தக் கதையையும் மரியாதையோடுதான் எழுதியிருந்தாள். கதைநாயகி ஏழாம் நாள் சபைச் சிறுமி, பள்ளி ரக்பி அணிக்காகப் பந்தை உதைப்பவள். இறுதி ஆட்டம் சனிக்கிழமை; அது அவளுக்கு ஓய்வுநாள். கடைசிப் பக்கத்தில் அவள் ஆராதனையை விட்டு மைதானத்துக்கு ஓடுகிறாள், உதைக்கிறாள், அணி ஜெயிக்கிறது. ஃபிஜியில் இதைவிடச் சந்தோஷமான முடிவு உண்டா? மெதடிஸ்டான சலசெய்னிக்குச் சனிக்கிழமை ரக்பி, ஞாயிற்றுக்கிழமை கோயில். இரண்டும் முட்டிக்கொண்டதே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அகனிசி இருக்கும் நவுசோரிக்குப் பஸ் ஏறினாள். சமாதானம் பேசப் போவதாகச் சொல்லிக்கொண்டாலும் அவளை இழுத்தது, எது தப்பாகிப்போனது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். எதையும் தோண்டித் துருவிக் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வெறுங்கையோடு போக மனமில்லாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நண்டு ஒரு சட்டி எடுத்துப் போனாள்.

அகனிசி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "இத்தனை வருஷப் பழக்கம். நாங்க நண்டு தொடமாட்டோம்னு இன்னும் தெரியல உங்களுக்கு."

"சொல்லியிருக்கலாம்லடி."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு? ஊரையே துருவித் துருவிக் கேப்பீங்க, என்னைத் தவிர."

சலசெய்னிக்குச் சுருக்கென்றது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சபையில் பிள்ளைகளின் பாட்டுக்கூட்டம். சலசெய்னி அகனிசியின் மகள் வாசிதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதினொரு வயது, கதையே அவளைப் பார்த்து எழுதியதுதான். சாலைக்கு அந்தப் பக்கம் மைதானம். அன்று அவளுடைய அணிக்கு அரையிறுதி, அவள் இடத்தில் வேறொருத்தி ஆடிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் வழியே கூச்சல் வந்தது. வாசிதி பாடிக்கொண்டே ஒரு விரலை மடக்கினாள்.

"என்னடி எண்ற?"

"எதிர் அணி டிரை போட்டுட்டாங்க, அஞ்சு பாயிண்ட். நாங்க போட்டா மேளமும் சேர்ந்து கேக்கும்."

"போகணும்னு தோணலையா?"

"தோணுமே."

"அப்புறம்? அம்மா திட்டுவாளா?"

வாசிதி அவளைப் பாவமாகப் பார்த்தாள். "இது என்னோட நாளும்தான் பெரியம்மா. அம்மாவோடது மட்டும் இல்ல." அடுத்த பாட்டு தொடங்கியதும் காதருகே வந்தாள். "எங்க ஆளுங்க தோக்கணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன். அப்பத்தான் நான் இல்லாம முடியாதுன்னு தெரியும்."

சலசெய்னி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இந்தக் குறும்பில் பாதிகூட அவள் கதைச் சிறுமியிடம் இல்லை. அந்தப் பெண் மரியாதையான பொம்மை.

பாட்டு முடிவதற்குள் மேளமும் விசிலுமாக ஒரு பெரிய கூச்சல் எழுந்து அடங்காமல் நின்றது. வாசிதியின் குரல் நின்றுபோனது.

"ஜெயிச்சுட்டாங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

சலசெய்னிக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளை அழுதுகொண்டே பிடித்து வைத்திருப்பதை, தாண்டிக் குதிக்க வேண்டிய வேலியாக அல்லவா எழுதியிருந்தாள்.

வெளியே வந்ததும் அகனிசியிடம் மெதுவாகக் கேட்டாள். "முடிவை மாத்துறேன். வரைவியா?"

"என்னைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க. அவ சரின்னா நான் வரையுறேன்."

சலசெய்னி வாசிதியிடம் குனிந்தாள். "கதையில உன் அணி தோத்துப் போகட்டுமா?"

வாசிதி மைதானத்துப் பக்கம் பார்த்தாள்.

"வேண்டாம் பெரியம்மா. ஜெயிக்கட்டும், நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா நான் அங்க இல்லன்னு எழுதாதீங்க. இங்க இருந்தேன்னு எழுதுங்க."