அடையாளம் தெரிந்த விமானம்

தகவல் உரிமைச் சட்டத்தில் நான் போட்ட பதினான்காவது மனுவுக்கும் அதே பதில்தான் வந்தது. "விமானப்படையினர் வானில் கண்ட அடையாளம் தெரியாத பொருட்கள் குறித்துத் தாங்கள் கோரிய பதிவு எதுவும் இந்த அலுவலகத்தில் இல்லை." கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. அதற்குச் சொந்தக்காரரான தகவல் அலுவலருக்கு நானும் என் மகளும் 'இல்லை சார்' என்று பேர் வைத்திருந்தோம். நேரில் போனால் நாற்காலி கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், தகவலை மட்டும் கொடுக்க மாட்டார்.

நான் கேட்டது ஒன்றும் போர் ரகசியமில்லை. பதினோரு வருஷம் ஆகப் போகிறது. ஒரு பிற்பகலில் என் கணவர் விமானப்படை விமானத்தை எடுத்துக்கொண்டு கடல் மேல் பறந்தார். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, "என் பக்கத்துல ஏதோ ஒண்ணு வருது, விமானம் மாதிரி தெரியல" என்று ரேடியோவில் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் இல்லை, விமானமும் இல்லை. ஒரு திருகாணி கூடக் கரை ஒதுங்கவில்லை. விசாரித்தவர்கள் 'விமானியின் பிழை' என்று இரண்டு சொல்லில் எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள். தெருமுனையில் கூட ஜாக்கிரதையாகச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மனிதருக்கு அப்படி ஒரு பட்டம்.

அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது அவளும் விமானி. வேண்டாமென்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். பிடிவாதத்தில் அவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவளுக்கு வேலை போட்ட இடமும் அதே தளம், அதே ஓடுபாதை, அதே கடல். இன்னும் ஆறு வாரத்தில் சேர வேண்டும். அவள் அப்பா பக்கத்தில் அன்றைக்கு வந்தது எது என்று அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது?

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை பார்க்கிறேன். நினைவில்லாமல் தூக்கி வரப்படுகிறவர்களின் காகிதக் கட்டு 'பெயர் தெரியாதவர்' அலமாரியில் இருக்கும். சொந்தக்காரர்கள் வந்து ஆளை அடையாளம் காட்டிவிட்டால், அன்றைக்கே பெயர் எழுதி வேறு அலமாரிக்கு மாற்றிவிடுவோம். ஒரு காலையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். "போன மாசம் பேர் தெரியாம ஒருத்தரைக் கொண்டாந்தாங்களே, அவர் கட்டு வேணும்" என்றார். அலமாரியைப் பார்த்தேன். "அப்படி யாரும் இல்லீங்க" என்றேன்.

அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்த ஆளின் தம்பி மறுநாளே வந்து பெயர் சொல்லியிருந்தான். கட்டு எனக்கு மூன்றடி பின்னால், வேறு அலமாரியில் இருந்தது. ஓடிப் போய்ப் போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் இல்லை சாரும் பொய் சொல்லவில்லையோ என்று தோன்றியது. வானத்தில் அவர்கள் பார்த்தது, அவர்களுக்கு நன்றாக அடையாளம் தெரிந்த, அவர்களுடைய விமானமாகவே இருந்தால்?

பதினைந்தாவது மனுவை அங்கேயே எழுதினேன். என் கணவர் ஓட்டிப் போன விமானத்தின் எண்ணைப் போட்டு, அது காணாமல் போன நாளுக்குப் பிறகு அந்த எண்ணிடமிருந்து தளத்துக்கு வந்த ரேடியோ அழைப்புகளின் பதிவு வேண்டும் என்று கேட்டேன். எழுதும்போதே கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

நாலாம் நாள் இல்லை சாரே போனில் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மா, இந்த மனுவை மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க."

"ஏன் சார், இதுக்கும் பதிவு இல்லையா?"

"பதினாலு தடவை இல்லைன்னு சொன்னேன். இப்ப அப்படிச் சொல்ல முடியல. அதனாலதான் கேக்கறேன்."

"அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரே ஒரு தாள் வந்தது. கட்டம் போட்ட பதிவேட்டின் நகல். பத்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் அவர் போன தேதி, வருஷம் மட்டும் வேறு. நேரம், நாலு பத்து. அழைத்தவர், அவர் விமானத்தின் எண். எரிபொருள், இருபது நிமிஷத்துக்கு. கோரிக்கை, 'வழி தெரியவில்லை, வழிகாட்ட ஒரு விமானம் அனுப்பவும்.' கடைசிக் கட்டத்தில், 'பதில் தரப்படவில்லை.'

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். அவர் இருக்கிறார், பேசுகிறார். அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது ஆத்திரம். வருஷா வருஷம் ஒரு மனுஷன் கதவைத் தட்டியிருக்கிறார், உள்ளே இருந்த ஒரு பயல் ஏன் என்று கேட்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி ஓய்ந்த பிறகுதான், எரிபொருளுக்கு அடுத்து இருந்த சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. ஆபத்தில் இறங்கும் விமானி எரிபொருள் எவ்வளவு, உள்ளே ஆட்கள் எத்தனை என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும். முதல் ஐந்து வரிகளில் ஆட்கள் 'ஒன்று'. ஆறாவது வரியிலிருந்து 'இரண்டு'.

ஐந்தாவது வரியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'பதில் தராமலே வழிகாட்ட ஒருவர் அனுப்பப்பட்டார். திரும்பவில்லை. இனி இந்த அழைப்புக்கு யாரும் பதில் தர வேண்டாம், யாரும் மேலே போக வேண்டாம்.'

அந்த வருஷம் ஒரு விமானி பயிற்சியில் இறந்ததாகச் சொன்னார்கள். அவர் மனைவி என் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்தால் தைரியம் வருமாம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

தாளை மகளிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். பதினோரு வருஷம் ஊரையே மறைக்கிறான் மறைக்கிறான் என்று ஏசிவிட்டு நான் மட்டும் எப்படி மறைப்பது? கொடுத்தேன். மூன்று தடவை படித்தாள்.

"இருபது நிமிஷத்துக்குத்தான்மா அவர்கிட்ட எண்ணெய் இருக்கு."

"பத்து வருஷமா அதே இருபது நிமிஷம்டி. அதைப் பாரு."

"வழி தெரியாம சுத்திக்கிட்டு இருக்கார். ஒருத்தர் ஏறிப் போய் முன்னால பறந்தாப் போதும், பின்னாலயே வந்துடுவார்."

"அப்படிப் போனவர்தான் இரண்டாவது ஆளு. நீ போக மாட்டேன்னு என் தலையில கை வச்சுச் சொல்லு."

அவள் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. என் தலையில் கை வைக்க அவள் வரவில்லை.

அவள் தளத்தில் போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம் அந்தத் தேதி வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. பதிவுகளை நேரில் பார்வையிடக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அன்றைக்கு நாலு பத்துக்கு எழுதப்படும் பதிவை, எழுதப்படும்போதே பார்வையிட வேண்டும் என்று பதினாறாவது மனு போட்டேன். இல்லை சார் மறுபடியும் கூப்பிட்டார். "விதியில அதுக்கு ஒரு 'கூடாது' இல்லம்மா. ராத்திரி பகலாத் தேடிட்டேன்" என்றார். அவருக்கே அழுகை வரும் போல இருந்தது.

கட்டுப்பாட்டுக் கோபுரம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை. மேசையில் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். ஒரு திரை, ஒரு மைக், ஒரு பதிவேடு. பதிவு எழுதுபவர் முன்கூட்டியே தேதியும் நேரமும் எண்ணும் எழுதி வைத்துவிட்டு மற்ற கட்டங்களுக்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கு இது வருஷாந்தர வேலை. கோபுரத்து அதிகாரி என்னைப் பார்க்காமலே, "பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது" என்றார். இல்லை சார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

நாலு மணியிலிருந்து நாலரை வரை அன்று யாரும் பறக்கக் கூடாது என்று உத்தரவு. ஓடுபாதை வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. அதன் தலைமாட்டில் மட்டும் ஒரு விமானம் இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றது.

"அது யார் சார்?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"புதுசா வந்த பொண்ணு. தரையில நிக்க வச்சு இன்ஜின் சோதனை பண்றா. பறக்க மாட்டா."

அவளைப் பெற்றவள் நான். பறப்பாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாதா?

நாலு பத்து. திரையில் கடல் இருந்த பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. பக்கத்தில் அந்த எண். வெளியே வானத்தில் ஒன்றும் இல்லை. பொட்டு மேகம் கூட இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு, பிறகு அவர் குரல். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் கூட மூப்படையாத குரல். எண்ணைச் சொன்னார். எரிபொருள் இருபது நிமிஷம் என்றார். ஆட்கள் இரண்டு என்றார். வழி தெரியவில்லை, வழிகாட்ட ஒரு விமானம் அனுப்பவும் என்றார். பதிவு எழுதுபவரின் பேனா அவர் குரலோடு கூடவே ஓடியது.

"அவ்வளவுதான். இதோட நின்னுடும்" என்றார் அதிகாரி.

நிற்கவில்லை. கரகரப்புக்கு நடுவில் அதே குரல் மெதுவாக, "குட்டி கீழதான் இருக்கா. அவளை அனுப்புங்க" என்றது.

பேனா நின்றது. குட்டி என்று அவளை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் கூப்பிடுவோம். ரேடியோவில் மகளின் குரல் வந்தது. "வரேன்பா." அவள் விமானம் நகர ஆரம்பித்தது. அதிகாரி அவளைப் பெயர் சொல்லிக் கத்தி நிறுத்தச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை.

சாலையைக் கடக்கும்போது கூட அவள் கையை விடாத மனிதர் அவர். அவளை அந்தக் கடலுக்குக் கூப்பிடுவது அவராகவே இருக்கட்டும், இல்லாமலே போகட்டும். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதிகாரியை இடித்துத் தள்ளிவிட்டு மைக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினேன்.

"என்னங்க" என்றேன்.

கரகரப்பு சட்டென்று அடங்கியது.

"நீயா?" என்றார்.

"நான்தான். குட்டி வர மாட்டா. யாரும் வர மாட்டாங்க. நீங்க இங்க இறங்க வேண்டாம்."

"இருபது நிமிஷத்துக்குத்தான் இருக்கு."

"தெரியும்ங்க."

"இருட்டிக்கிட்டு வருதும்மா."

வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. பதினோரு வருஷமாக அவர் வந்தால் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "போயிட்டு வாங்க" என்றுதான் வாயில் வந்துவிடப் பார்த்தது. அப்படிச் சொன்னால் வந்துவிடுவாரோ என்று பயந்து அதை விழுங்கினேன்.

"போங்க" என்றேன்.

பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு கடல் பக்கம் திரும்பி, ஓரத்துக்குப் போய், மறைந்தது. ஓடுபாதையின் பாதியில் மகளின் விமானம் வேகம் குறைந்து நின்றது.

பதிவு எழுதுபவர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார். "பதில் கொடுத்தவர் யாருன்னு எழுதணும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சம்சாரம்னு எழுதுங்க."

மகளை விமானத்திலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார்கள். மூன்று மாதம் தரையிலேயே வேலை என்று தண்டனை. என்னைக் கடந்து போனாள், நின்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் எண்ணிலிருந்து போன் வரும். எடுத்தால் மூச்சு விடுவது கேட்கும். சாப்பிட்டாயா என்று கேட்பேன். தூங்கினாயா என்று கேட்பேன். பதில் வராது. நான் வைப்பதில்லை. அவளாக வைக்கிற வரைக்கும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.