நாற்பத்தைந்து வீடுகள்

பிரேமலதா மேடம் சீட்டுக் குலுக்கி மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டபோது முத்துராணிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். போன வருஷம் நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ஆய்வை அவள் ஒருத்தியாகச் செய்து முடித்தாள். மற்ற மூவரும் அட்டை என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். மதிப்பெண் நாலு பேருக்கும் ஒன்றுபோல வந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் முக்கூடல் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, இனிமேல் ஒருத்தருக்காகவும் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பொருளியல் மூன்றாம் வருஷம். இந்த முறை அவளோடு சேர்ந்தது பிருந்தாவும் கணேஷ்ராமும். பிருந்தாவின் அப்பா கருவூலத்தில் அதிகாரி. அவளுக்கு மாதத்தில் பாதி நாள் யாராவது சொந்தக்காரர் கல்யாணம் இருக்கும். கணேஷ்ராம் பேட்டையிலிருந்து வருகிறவன். கடைசி பெஞ்சில் உட்காருவான். வாட்ஸப்பில் எதைப் போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், அதோடு சரி.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம் என்று தலைப்பு அமைந்தது. நாற்பத்தைந்து வீடு. முத்துராணி தராசில் நிறுத்ததுபோலப் பிரித்தாள்: ஆளுக்குப் பதினைந்து வீடு, ஆளுக்கு ஒரு தெரு. கேள்வித்தாளை அவளே தயாரித்தாள். தேதி குறித்துக் குழுவில் போட்டாள். கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: 'காரணம் சொல்லுறவங்க இப்பவே வெளிய போயிரலாம்.' கணேஷ்ராம் கட்டைவிரல் போட்டான்.

முதலில் முடித்துத் தந்தவனும் அவன்தான். குறித்த தேதிக்கு ரெண்டு நாள் முன்னாலேயே பதினைந்து தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினான். முத்துராணிக்குத் தன் மேலேயே ஒரு பெருமை வந்தது. கண்டிப்பாக இருந்தால் எல்லாரும் செய்வார்கள், போன வருஷம் நான்தான் இளகிப்போனேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் வைத்துத்தான் அவற்றை எடுத்துப் படித்தாள். திங்கட்கிழமை ஒப்படைக்கவேண்டும். மூன்றாவது தாளில் 'இருமல் உண்டா' என்ற கேள்விக்கு 'உண்டு, பீடிப் புகையால்' என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தாளிலும் புகை. அதற்கடுத்ததிலும் புகை. பதினைந்தில் பதினொன்றில் புகை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அம்மா தங்கத்தாய் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு இலையில் தூளை நிரவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விரல் பாட்டுக்கு வேலை செய்தது. கண் டிவியில் இருந்தது. சுற்றுகிற இடத்தில் புகை ஏது? நெடியும் தூசியும்தான். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்தவனுக்குக்கூட அது தெரியும். தாள்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ரெண்டு பேனா மாற்றி மாற்றி எழுதியிருந்தான். சில எழுத்து இந்தப் பக்கமும் சில எழுத்து அந்தப் பக்கமும் சாய்ந்திருந்தன. இவ்வளவு மெனக்கெட்டதற்கு நேரே போயே கேட்டிருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் நூலகத்துக்கு வெளியே அவனைப் பிடித்தாள். பிருந்தாவும் கூட இருந்தாள்.

"இது எந்த வீடு, கணேஷ்? எந்த அக்கா புகைன்னு சொன்னாங்க?"

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். மறுக்கவில்லை. "நான் போனேன். போகலன்னு நெனைக்காத," என்றான்.

பைய பைய விஷயம் வெளியே வந்தது. ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போயிருக்கிறான். முதல் வீட்டில் திரைக்கு உள்ளேயிருந்து, ஆம்பளைங்க இல்ல, பொறவு வாங்க என்று ஒரு குரல். ரெண்டாவது வீட்டிலும் அதே பேச்சு. மூன்றாவது வாசலில் நிற்கும்போது டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"'தம்பி யாரு, எதுக்கு ஒவ்வொரு வாசலா நின்னு பாக்குதிய'ன்னு கேட்டாரு. கார்டக் காட்டுனேன். 'பொம்பளையாளுக்கு என்ன நோவுன்னு ஒரு பையன் வந்து கேக்கதா'ன்னாரு. கடையில இருந்த அத்தன பேரும் என்னையத்தான் பாத்தாங்க. மறுநாளும் போனேன். சந்தை முக்குல எறங்குனேன். தெருவுக்குள்ள கால் போகல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஒங்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுத் தாளை அவளிடமே திருப்பி நீட்டினான். "காரணம் சொல்லுறவங்க வெளிய போயிரலாம்னுல்லா போட்டிருந்த."

முத்துராணி பிருந்தாவைப் பார்த்தாள். "நீ எப்படி முடிச்ச?"

"நான் எங்க அம்மாவக் கூட்டிட்டுல்லா போனேன். தனியா யாரு போவா? ஏட்டி, இப்ப இதுல என்ன வந்துட்டு? புகையத் தூசின்னு மாத்து. முடிஞ்சுது வேலை. யாரு போயிப் பாக்கப் போறா?"

பிருந்தா சொன்னது விளையாட்டுக்கு இல்லை. முத்துராணியும் அதை யோசிக்காமல் இல்லை. தாள்கள் கையில் இருந்தன. பையில் பேனா இருந்தது. முதுகு எந்த இடத்தில் பிடிக்கும், நூல் இழுத்து எந்த விரல் அறுபடும், எந்த வயதில் கண் மங்கத் தொடங்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். பதினைந்து பெண்களை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம். கணேஷ்ராம் எழுதியதைவிட நன்றாகவே எழுதலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பீடி வேலை தெரியாமல் அவன் எழுதிய அதே பொய்யை, தெரிந்த தான் எழுதப் பார்ப்பதுபோல.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணிக்குச் சந்தை முக்குக்கு வா. நான் கேக்குதேன், நீ எழுது," என்றாள் அவனிடம். அக்காவுக்கு வளைகாப்பு, வர முடியாது என்றாள் பிருந்தா.

ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றான். அதே தெருவுக்குப் போனார்கள். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அங்கே அவன் வாசல்படிக்கு வெளியே முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் குரலைக் கேட்டுக் கேட்டு எழுதினான். சில வீடுகளில், "எழுதிட்டுப் போயி என்ன செய்யப் போறிய, போன வருசமும் ரெண்டு புள்ளைய வந்துச்சு," என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆறாவது வீட்டில் செய்யது அலி பாத்திமா என்று ஒரு நடுவயதுக்காரி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே முத்துராணி ஈரத்துணியில் பொதிந்த இலைகளில் ஒன்றை எடுத்து நரம்பு பார்த்துத் திருப்பி வைத்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"ஒங்க உம்மாவும் சுத்துதாங்களோ?"

"ஆமாக்கா. முக்கூடல்ல."

"அவங்ககிட்ட இதெல்லாம் கேட்டியா?"

முத்துராணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இருபத்துநாலு கேள்வி. அதில் ஒன்றைக்கூட அம்மாவிடம் கேட்டதில்லை. தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டாள். வாசல்படிக்கு வெளியே கணேஷ்ராமின் பேனா நின்றுபோனது அவளுக்குக் கேட்டது.

"கேக்கணும்க்கா," என்றாள்.

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஒன்பது வீடுதான் முடிந்திருந்தது. இதற்கு மேல் வீடுகளில் போய் நிற்பது முறையில்லை என்று கணேஷ்ராமே சொன்னான். ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் அவன், "நீ மூணு பேரும் சேந்து போவோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" என்று இழுத்தான். முத்துராணிக்குக் கோபம் வரவில்லை. சரியாகப் பிரிப்பது வேறு, யாரால் எது முடியும் என்று பார்ப்பது வேறு என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், கை மரத்துப்போகுமா என்று கேட்டாள்.

"எதுக்குட்டி, என்னையும் எழுதப் போறியா?"

"இல்ல. சும்மாதான் கேக்கேன்."

அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசமா," என்றாள்.

பிருந்தாதான் அறிக்கையைத் தட்டச்சுச் செய்தாள். கணேஷ்ராம் தெருவில் ஒன்பது வீடுதான் என்று முத்துராணி நாற்பத்தைந்தை முப்பத்தொன்பதாக மாற்றச் சொன்னபோது போனிலேயே சண்டை பிடித்தாள். என் பதினஞ்சு வீடு சரியாத்தான இருக்கு, எனக்கு எதுக்கு மார்க்கு குறையணும் என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மாற்றினாள். ஆனால் அன்றிலிருந்து ரெண்டு வாரம் முத்துராணியோடு பேசவில்லை.

வாய்மொழித் தேர்வன்று பிரேமலதா மேடம் முன்னுரையைப் பார்த்தார், முடிவுரையைப் பார்த்தார். வரைபடம் ஏன் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார். முப்பத்தொன்பது ஏன் என்று கேட்கவில்லை. ஐம்பதுக்கு முப்பத்தெட்டு, மூன்று பேருக்கும். நூறு வீடு என்று போட்டிருந்த இன்னொரு குழுவுக்கு நாற்பத்தைந்து. அந்த நூறும் எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். முத்துராணி வராந்தாவில் ஒட்டியிருந்த பட்டியலில் அந்த முப்பத்தெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வருத்தம் இருக்கத்தான் செய்தது. போன வருஷத்து எரிச்சல் மட்டும் வரவில்லை.

கணேஷ்ராம் பக்கத்தில் வந்து நின்றான். "நான் போயி மேடத்துட்ட சொல்லீருதேன். மொதல்ல நான் எழுதுனது பொய்யின்னு. ஒங்க ரெண்டு பேருக்காவது கூடப் போடுவாங்கல்லா."

"நான் போகச் சொல்ல மாட்டேன். வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்."

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாத்தையும் கேட்டாங்க. 'மார்க் லிஸ்டு ஆபீசுக்குப் போயாச்சு, இனி மாத்த முடியாது. போகும்போது கதவச் சாத்திட்டுப் போ'ன்னாங்க."

முத்துராணி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஏமாற்றமும் இருந்தது, பெரிய சுமையை இறக்கி வைத்தவனின் களைப்பும் இருந்தது.

"சாத்துனியா?"

"சாத்துனேன்," என்றான்.

படியிறங்கி ரெண்டு பேரும் வெயிலுக்குள் நடந்தார்கள்.