முழங்கை உயரம்

ஜூன் 11, புதன்.
தவறு: பிளக் பாயிண்ட் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.
காரணம்: கவனக்குறைவு.
நாளை:

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. சமையலறைச் சாதனங்கள் விற்கும் ஷோரூமில் வேலை முடிந்து வந்து உடை மாற்றாமலே அவள் எழுத உட்கார்ந்திருந்தாள். ஆறரைக்கு வகுப்பு. சமையலறை வரைபடம் போடக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்த அன்று தொடங்கிய பழக்கம் இது. நாளுக்கு ஒரு தவறு, மூன்றே வரி. எட்டு மாதத்தில் தவறு கிடைக்காமல் பக்கம் காலியாகப் போன நாள் ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்தால் அவளுக்கே சில சமயம் சிரிப்பு வரும். ஷோரூமில் அவளுக்கு ‘நோட்டு’ என்றே பேர் வைத்திருந்தார்கள்.

பிளக் பாயிண்ட் விஷயம் பொய்யில்லை. உண்மையிலேயே மறந்துதான் போனாள். ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தபோது காது மடல் சூடேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட இவ்வளவு அழகான கையெழுத்தில் மறைத்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் போன வாரம் ஒரு வாடிக்கையாளர் ஷோரூமுக்குள் வந்தபோது தொடங்கியது. பல் டாக்டர். நல்ல உயரம், பேசும்போது எதிரில் இருப்பவரின் பல்லைப் பார்ப்பவர். புதிதாகச் சமையலறை கட்டுகிறார், சுவருக்குள் பதிக்கும் இரட்டை ஓவன் வேண்டும் என்றார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓவன், இரண்டு கதவு, ஒரே முகப்பு. ஷோரூமில் இருந்ததிலேயே உயர்ந்த ரகம் இரண்டு. ஒன்றுக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கக் கனமான திருகுகள், திருப்பினால் கைக்குத் தெரியும். மற்றதற்கு முகம் முழுக்கக் கண்ணாடி, விரலால் தொட வேண்டும். கீழ் ஓவனில் நீராவியும் உண்டு. டாக்டர் ஒரு மணி நேரம் இரண்டு கதவுகளையும் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கடைசியில், நீங்கள் ஓவனில் சமைத்ததுண்டா என்று கேட்டார்.

அவள் வீட்டில் இருந்தது இரண்டு பர்னர் அடுப்பு. அதில் ஒன்று சரியாக எரியாது. இல்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“எங்கம்மா பேக்கரி வச்சிருக்காங்க மேடம். நான் ஓவன் சூட்டுலயேதான் வளந்தேன்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அம்மா ஆறு வாரமாகப் புது வீடு ஒன்றில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது அந்த வீட்டு ஓவனைப் பற்றி, அது ஏதோ அடங்காத மாப்பிள்ளை என்பதுபோலப் புகார் சொல்வாள். வலது பின்மூலையில் எது வைத்தாலும் கருகிவிடும், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அவ்வளவுதான். ரொட்டிக்கு ஒரு சூடு, கோழிக்கு ஒரு சூடு. ஒரே ஓவனில் இரண்டையும் கேட்டால் இரண்டும் கோபித்துக்கொள்ளும். அதை எல்லாம் அவள் தன் சொந்த அனுபவம் போல டாக்டரிடம் எடுத்துவிட்டாள். டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எங்க வீட்டு ஓவன்லயும் அதே வலது மூலைதான், இதையெல்லாம் இதுவரை யாருமே எனக்குச் சொன்னதில்லை என்று வியந்தார். கண்ணாடி முகம் வேண்டாம், திருகு வைத்ததே போதும் என்று முடிவாயிற்று.

வலது மூலை என்ற சொல் காதில் விழுந்தபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அம்மா எந்தத் தெருவில், யார் வீட்டில் வேலை செய்கிறாள் என்று அவள் கேட்டதே இல்லை.

இன்று காலை அளவெடுக்கப் போனார்கள். கூட வந்தவர் ஷோரூமின் மூத்த ஃபிட்டர். கதவிடுக்கில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்பவர் என்பதால் அவருக்கு அரைமில்லி என்று பேர். டாக்டரே கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார். சமையலறையில் ஒருத்தி குனிந்து பழைய ஓவனின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டையான உருவம். இடது முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு, அதற்கு மேலே புதிதாக ஒன்று.

அம்மா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் சட்டைப் பையில் குத்தியிருந்த ஷோரூம் அட்டையைப் பார்த்தாள். முகம் மலரத் தொடங்கியது. அதற்குள் டாக்டர் பேசிவிட்டார்.

“அக்கா, நான் சொன்னேன்ல, அந்தப் பொண்ணு இவங்கதான். இவங்க அம்மா பேக்கரி நடத்துறாங்களாம். ஓவனப் பத்தி அவ்ளோ விவரமா சொன்னாங்க.”

துணியை மடித்து மேடையில் வைக்கும் நேரம்தான் அம்மா எடுத்துக்கொண்டாள்.

“அப்படியா டாக்டரம்மா? நல்லது.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “வாங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குரலில் குத்தலும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். விருந்தினருக்கென்று வைத்திருந்த மெல்லிய கண்ணாடிக் குவளையில், அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் வந்தது. அம்மாவின் கையிலிருந்து அதை வாங்கி, “தேங்க்ஸ்” என்றாள். பெற்றவளுக்கு அவள் வாழ்நாளில் சொன்ன முதல் தேங்க்ஸ் அதுவாகத்தான் இருக்கும்.

ஷோரூம் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: சமைப்பவரின் முழங்கை உயரம். அது அரைமில்லி கொண்டுவந்த வழக்கம். மேல் ஓவனின் கதவை இறக்கினால், அதன் விளிம்பு சமைப்பவரின் முழங்கைக்கு மேல் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொதிக்கும் தட்டு நெஞ்சுக்கு மேலே வரும். இறக்கும்போது கை தடுமாறினால் முகத்தில். எத்தனை பேர் சமைக்கிறார்களோ அத்தனை பேரையும் அளக்க வேண்டும், குட்டையானவரின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் பெட்டியைப் பார்க்க வெளியே போகும்போது அரைமில்லி அதை நினைவூட்டிவிட்டுத்தான் போனார்.

“சமைக்கிறவங்க முழங்கைய எடுத்துரு, நோட்டு. மறந்துராத.”

டாக்டர் சிரித்தபடி கையை மடக்கிக்கொண்டு நின்றார். நூற்றெட்டு. எழுதினாள். குனிந்து குனிந்து முதுகு போயிற்று, கீழ் ஓவன் எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வேண்டும் என்றார் டாக்டர். நாள் முழுக்க நாற்காலிக்கு மேல் குனிந்து அடுத்தவர் வாயைப் பார்ப்பவர். அவர் முதுகின் வருத்தமும் நியாயமானதுதான். அடியில் ஆழமான டிராயர் ஒன்று வைத்து, ஓவனை ஐம்பது சென்டிமீட்டரில் ஏற்றலாம். மேல் கதவு நூற்றுப் பதினைந்தில் வரும். நூற்றெட்டுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

அப்போதுதான் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அளவு என்று காதில் விழுந்ததும், தன்னையும் அளப்பார்கள் என்று நினைத்திருப்பாள். முதுகை நிமிர்த்தி, முழங்கையை மடக்கி, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றாள்.

மகளின் கையில் டேப் விரிந்திருந்தது. அம்மாவின் கையைத் தொட்டு அளக்க வேண்டும். இருவர் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை டாக்டர் பார்ப்பார். அம்மாவின் முழங்கையும் தன் முழங்கையும் ஒன்றுபோலத் துருத்திக்கொண்டிருக்கும். பல் வரிசையைப் படிக்கிற கண் அதைப் படிக்காதா? இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் டேப்பின் பொத்தானை அழுத்திவிட்டது. சரக்கென்று தகடு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

“போதும் மேடம்,” என்றாள். டாக்டரிடம்தான் சொன்னாள்.

அம்மா மடக்கிய கையை மெல்ல நீட்டி, மேடையில் இல்லாத ஒரு கறையைத் துடைக்கத் தொடங்கினாள். எந்த ஓவன் வந்தாலும் உங்களுக்குச் சரிதானே அக்கா என்று டாக்டர் கேட்டபோது, எனக்கென்ன டாக்டரம்மா, எது வந்தாலும் பழகிக்குவேன் என்றாள். அரைமில்லி திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை பத்து மணிக்குத் தச்சர் வந்து அலமாரிக்கு வெட்டுவார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நோட்டை மூடினாள். அம்மா உள்ளே வந்து, கைப்பையை ஆணியில் மாட்டி, நின்றபடியே அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன, பேக்கரி முதலாளியம்மா வந்திருக்கேன். எந்திரிச்சு நிக்க மாட்டியா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மகளால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியிலேயே அதுவும் ஷோரூம் பேச்சு போல ஒலிக்கக் கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். சரியாக எரியாத பர்னரை விட்டு மற்றதில் பாத்திரத்தை ஏற்றினாள். டாக்டரம்மா நல்ல மாதிரி, நீ சொன்னதையெல்லாம் ஒரு வாரமாக என்னிடமே பாடம் எடுக்கிறார், வலது மூலை கருகும் என்று எனக்கே சொல்லித்தருகிறார் என்றாள். நானும் ஓ அப்படியா என்று கேட்டுக்கொண்டேன், சொல்லிக்கொடுத்த பிள்ளை என் பிள்ளை என்று தெரியாமலே கேட்டுக்கொண்டேன் என்றாள்.

“உயரம்தான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்போல,” என்றாள் பிறகு, திரும்பாமலே. “பரவால்ல. ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்குவேன்.”

ஸ்டூல். இரண்டு கையிலும் கொதிக்கும் தட்டு, காலுக்கடியில் ஸ்டூல். இறங்குவதற்குப் பின்னால் இடம் தேடும் பாதத்தை அவள் கண்ணால் கண்டாள். வகுப்பில் அப்படியொரு வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் ஆசிரியர் கிழித்தே போட்டிருப்பார். எழுந்து போய்ப் பையிலிருந்து டேப்பை எடுத்துவந்தாள்.

“கைய மடக்கும்மா. அளந்துக்கிறேன். நானே படிவத்துல மாத்திடுறேன்.”

அம்மா அவளையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை மடக்கவில்லை. பாத்திரத்தை மூடி, தீயைக் குறைத்தாள்.

“இங்க யாரு இருக்கா பாக்குறதுக்கு?” என்றாள். “என் கை நாளைக்கும் அங்கதான் இருக்கும். அளக்கிறதுன்னா அங்க வந்து அள.”

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கும் குரல். அதன் பிறகு, வகுப்புக்கு நேரமாச்சு பாரு, ஒரு வாய் தின்னுட்டுப் போ என்றும் சொன்னாள். அவள் சாப்பிட்டாள். தட்டு வைக்கும்போதும் எடுக்கும்போதும் அந்தப் புதுத் தழும்பு கண்ணெதிரே வந்து வந்து போயிற்று. பழையதை விட அது இரண்டு விரல் மேலே இருந்தது.

வகுப்பில் ஆசிரியர் இன்னும் வரவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ஒரு குளியலறைக் கதவு உள்ளே திறக்க வேண்டுமா வெளியே திறக்க வேண்டுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கடைசி மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

ஷோரூமில் ஒரு விதி உண்டு. படிவத்தில் ஒரு எண்ணை மாற்றினால் அழிக்கக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண்ணும் காரணமும் எழுதி, வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்விட்டுப் படிக்க வேண்டும். அரைமில்லி பக்கத்தில் நிற்பார். டாக்டரின் கண் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிளக் பாயிண்ட் வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். எழுத்து தெரியும்படிதான் போட்டாள். கீழே எழுதினாள்.

தவறு: சமைப்பவரை அளக்கவில்லை.
காரணம்: அவர் என் அம்மா.
நாளை: ஒன்பதரைக்கு டாக்டர் வீடு, தச்சர் வருவதற்குள். டேப், படிவம், நீல மைப் பேனா. முழங்கை உயரம் எடுக்க வேண்டும். காரணத்தைப் படித்துக் காட்ட வேண்டும். பிளக் பாயிண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.