தலைவருக்கு ஒரு துஆ

லஞ்ச வழக்கில் பழைய தலைவர் சிறைக்குப் போய் நான்கு மாதம் கழித்து, கட்சி ஜெஸீலைத் தலைவராக்கியது. கல்முனையில் அவருக்கு இது முதல் கூட்டம். இந்த ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டதா என்று அறிய அவருக்கு ஒரே ஆவல்.

மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். ஆனால் எல்லோரும் "ஜெஸீல் சேர்" என்றே கூப்பிட்டார்கள்; "தலைவர்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

முடிவில் மேடையில் மௌலவி கையேந்தினார்.

"யா அல்லாஹ், எங்கள் தலைவருக்கு நீண்ட ஆயுளைத் தருவாயாக!"

"ஆமீன்!" மண்டபமே அதிர்ந்தது. ஜெஸீலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"அவருக்குச் சீக்கிரமாக விடுதலையைத் தருவாயாக!"

"ஆமீன்!" ஜெஸீலின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

அவர் பக்கத்திலிருந்த கிளைச் செயலாளர் கச்சிமுகம்மது காக்காவின் காதருகே குனிந்தார்.

"காக்கா, அவர் செஞ்சது பிழைதானே?"

"ஓம், பிழைதான். அதாலதானே துஆ கேக்கிறம். பிழை செய்யாதவனுக்கு என்னத்துக்கு?"

"அப்ப எனக்கு?"

"நீங்களும் ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்களன் சேர், கேப்பம்."

கேலியாகத்தான் சொல்கிறாரா என்று ஜெஸீல் அவர் முகத்தைப் பார்த்தார். காக்கா கண்ணை மூடி, அடுத்த ஆமீனுக்காகக் கையேந்தியிருந்தார்.