தட்டோடு நிற்பவள்

இதை நான் துடைக்க வேண்டியதில்லை. யாரோ ஏற்கெனவே துடைத்துவிட்டார்கள். இன்றைக்கு நான் பார்க்க வந்தவள், அவ்வளவுதான்.

இப்படி நினைத்தபடி கொறற்றி மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அதற்குள் கோட்டுக் கையால் ஒருமுறை தேய்த்தும் விட்டிருந்தாள்.

ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. காலை வேலை முடிந்ததும் படுக்கப் போகாமல், குளித்து, புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரயில் மாறி ரூர் ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கனம் இறங்கியிருந்தது. ஆனாலும் வந்தாள். வீடு விற்கும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருக்கும் மகள் லவினியா, "அம்மா, நான் விக்கிற வீட்டை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டிருந்தாள். மகள் தன் வேலையிடத்துக்கு அவளை அழைப்பது இதுதான் முதல் தடவை.

ஒரு காலத்தில் சிலோனில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மன்காரன் ஒருவன் கட்டிய மாளிகை அது. பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து இப்போது விலைக்கு விட்டிருக்கிறார்கள். உட்கூரையில் சுண்ணத்தில் வார்த்த கோப்பிக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நீண்ட சன்னல்களுக்கு வெளியே, மழைக்குப் பிறகு கலங்கிய ஆறு.

"வடிவாத்தான் இருக்கு. எத்தினை பேர் இருக்கப் போகினம்?" என்று மகளைக் கேட்டாள்.

"வாங்கக் கேட்டிருக்கிற குடும்பத்தில ரெண்டே பேர். ஒரு நாயும் இருக்காம்."

"நாய்க்கு எந்தப் பக்கம்? ஆத்துப் பக்கமோ?"

லவினியா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொறற்றிக்குக் கால்வலிகூடக் கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. இவளுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமென்று தோன்றியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்துச் சுவரில் பெரிதாக்கிய பழைய படம் ஒன்று இருந்தது. தோட்டத்து பங்களா விறாந்தையில் துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஓரத்தில் வெறுங்காலோடு ஒரு பெண் தட்டு ஏந்தி நின்றாள். அவள் தோள் பாதி சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

"அம்மா, ஒரு சின்ன உதவி" என்றாள் லவினியா. குரல் மாறியிருந்தது. "விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கினம். முதல் இந்தப் படம் வரும். பிறகு அப்பிடியே மாறி, எங்கட விறாந்தை, ஆறு, தட்டோட ஒரு ஆள். முகம் பெரிசா வராது. நிக்கிறதுக்குச் சிலோன் ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு எங்கட முதலாளி கேட்டவர். நான், என்ர அம்மா இருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் பையைத் திறந்தாள். செம்மஞ்சள் சேலை, வெள்ளித் தட்டு, தேத்தண்ணிக் கோப்பை. கடைசியாக ஒரு பொட்டுப் பக்கெற்.

கொறற்றி பொட்டுப் பக்கெற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நான் எப்பவாவது பொட்டு வைச்சுக் கண்டனியா? ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு இதோட போனால் பங்குச் சுவாமி என்ன நினைப்பார்?"

"அது சும்மா, அம்மா. படத்துக்கு."

"கோப்பிக்காரன்ர வீட்டில தேத்தண்ணியோ?"

"சிலோன் எண்டால் சனத்துக்குத் தேத்தண்ணிதான் தெரியும். அம்மா, இந்த மாசத்தோட என்ர தவணைக்காலம் முடியுது. இது நல்லா வந்தால்தான் என்னை வைச்சிருப்பினம்."

லவினியா பொய் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கருமை இருந்தது. கொறற்றி இதுவரை இவள் கேட்ட எதையும் மறுத்ததில்லை. மறுத்தால் இவள் இனிக் கேட்காமலே போய்விடுவாளோ என்ற பயம் எப்போதும் உண்டு.

படத்திலிருந்த பெண்ணை மறுபடி பார்த்தாள். மன்னாரில் கொறற்றியின் ஊருக்குப் பின்னால், பற்றைக்குள் பழைய கிணறு ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்திறங்கி மலைத் தோட்டங்களுக்கு நடந்து போன சனம் தண்ணி குடித்த கிணறு என்பார்கள். அதில் யாரும் அள்ளுவதில்லை. அந்த நடையில் வந்தவளாக இவள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவளுக்காகத் தயங்குகிறேன் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. கொறற்றிக்குத் தெரிந்ததெல்லாம் தட்டு மட்டும்தான். விடியலில் ஒவ்வொரு கட்டிலாக அவள் கொண்டுபோய் வைக்கும் தட்டு. இன்று காலையும் வைத்தது. இங்கே வரும்போது அவள் கைகள் வெறுமையாக இருந்தன. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"உன்ர வேலையிடத்தைப் பாக்கத்தான் வந்தனான், பிள்ளை."

"தெரியும் அம்மா. அஞ்சு நிமிசம்தான். வெளிச்சம் போகப் போகுது, வீடியோக்காரர் வெளியில பாத்துக்கொண்டு நிக்கினம்."

லவினியா தட்டை நீட்டினாள். அதில் கோப்பையும் வைத்திருந்தாள்.

கொறற்றி சேலையை மடிப்புக் கலையாமல் பைக்குள் திருப்பி வைத்தாள். பொட்டுப் பக்கெற்றையும் அதன் மேல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஏலாது, பிள்ளை" என்றாள்.