ஆடாத விளக்கு

ஏரியில் இரவு வலை போட்டிருப்பவனின் விளக்கு ஆடாமல் நின்றால் அவன் நன்றாக இருக்கிறான் என்று பொருள். தோணிரேவு ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எந்த இரவு எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்கும் பாடு என்று பெயர், அந்த இடத்துக்கும் பாடு என்றே பெயர். ஒருவன் பாட்டில் விளக்கு நிற்கும்போது இன்னொருவன் படகை அந்தப் பக்கம் திருப்பினால், இறால் திருட வந்தான் என்று பஞ்சாயத்தில் பேச்சு வரும். கடந்து போயே ஆகவேண்டும் என்றால் தன் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு போவான். அது மரியாதை. உதவி வேண்டியவன் விளக்கைத் தூக்கி ஆட்டுவான். ஆடாத விளக்கின் கிட்டே யாரும் போவதில்லை.

நிவேதாவுக்கும் இதெல்லாம் தெரியும், ஒரு நாளும் அவள் பாட்டுக்குப் போனவள் இல்லை என்றாலும். பெண்களுக்குப் பாட்டில் பங்கு கிடையாது. அவளுடைய நைனா தசரதன் இறந்தபோது அவர் பங்கு தம்பி பிரவீனுக்குப் போனது. அவளைவிட இரண்டு வயது சின்னவன். தன் முறை வந்த இரவுகளில் பாதி நாள் படகிலேயே படுத்துத் தூங்கிவிடுவான். ஒரு தீபாவளிக்கு நைனாவின் வலையில் பாதியை விற்றுவிட்டு வந்து, எலி கடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா நம்பினாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். நிவேதா பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டு இறால் கம்பெனியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐஸில் ஊறிய விரல்களில் இரவு படுத்த பிறகுதான் உணர்ச்சி திரும்பும். வலியாகத்தான் திரும்பும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, கடற்கரையை ஒட்டிய சவுக்குக் காட்டில் இரவு ஓட்டம் ஒன்றை நடத்தச் சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. காட்டுக்குள் பன்னிரண்டு இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடிகளைக் கட்டி வைப்பார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு விளக்கு. தனித்தனியாகப் போய் ஒவ்வொரு கொடியையும் கண்டுபிடித்து, அங்கே தொங்கும் ஊசிக்கருவியால் தன் அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். தொலைவில் இருக்கும் கொடிக்குப் பக்கத்துக் கொடியைவிடப் புள்ளி அதிகம். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் புள்ளிகள் குறையும். வருகிறவர்கள் எல்லாம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். ஊர்க்காரர்களும் நான்கு பேர் ஓடலாம், அவர்களில் முதலாவதாக வருகிறவருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, சென்னையில் தங்க அறை என்று அறிவித்தார்கள்.

நிவேதா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். மறுநாள் பிரவீனும் கொடுத்துவிட்டு வந்தான்.

"உனுக்கு எதுக்குடா இது? உனுக்குத்தான் பாடு இருக்குதே."

"இருந்தா? பட்டணத்துல ரூம் குடுத்தா எனுக்கு கசக்குதா இன்னா?"

"எனுக்கு இது ஒண்ணுதான்டா."

"அப்போ ஓடி ஜெயிச்சிக்கோக்கா. நான் இன்னா உன் கால கட்டியா போட்டுக்கிறேன்?"

வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா மணியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள். "ஆம்பளப் புள்ள நாலு எடம் பாக்கட்டும்டி. நீ தனியா பட்டணம் போயி இன்னா கிழிக்கப் போற?"

நிவேதா அன்று முதல் தம்பிக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். அவனே போட்டுத் தின்றான், அவள் பங்கு மீனையும் சேர்த்து.

ஓட்டத்தன்று பொழுது சாய்ந்ததும் காட்டு ஓரத்தில் எல்லோரும் கூடினார்கள். கம்பெனிக்காரரான தீனா, முப்பது வயதிருக்கும், ஒலிபெருக்கியில் விதிகளைப் படித்தார். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் மாட்டினார்கள். ஆபத்து என்றால் ஆறு முறை ஊத வேண்டும். பிறகு தீனா சொன்னார்:

"இன்னொண்ணு. எங்கயாவது ஒரு லைட் அசையாம ஒரே இடத்துல நின்னா, போட்டிய விட்டுட்டு உடனே போய்ப் பாருங்க. அடிபட்டுக் கிடக்கலாம். போய்ப் பார்த்த நேரத்தை உங்களுக்குக் கழிச்சுக் குடுத்துருவோம்."

ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். "நின்னுகினு இருக்கிற லைட்டாண்ட போனா எங்க ஊர்ல ஒதைதான் சார் விழும்," என்றான் பிரவீன். சென்னைக்காரர்களும் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள்.

ஏழு மணிக்கு விசில் ஊதினார்கள். நிலவு இல்லை. சென்னைக்காரர்கள் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பத்தடிக்கு ஒரு முறை நின்றார்கள். நிவேதாவுக்கு அது தேவைப்படவில்லை. வலது காதில் கடல் கேட்டால் வடக்கே போகிறோம், கன்னத்தில் காற்று மாறினால் மரங்கள் முடியப் போகின்றன. மணி எட்டாவதற்குள் ஏழு கொடிகளைக் குத்திவிட்டாள். எட்டாவது கொடிக்கு அவள் ஓடிப்போய் நின்றபோது அங்கே பிரவீன் இருந்தான். குத்தி முடித்துவிட்டும் ஊசிக்கருவியை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"விடுடா."

"வரிசைல நில்லுக்கா. இது என் பாடு."

"கைய எடு. நேரம் போவுது."

"போவட்டும். நீ தலை கிள்ளுற கம்பெனிய எவனும் தூக்கினு போயிட மாட்டான். காலைல போயி குந்திக்கலாம்."

அவள் அவன் மணிக்கட்டை முறுக்கினாள். அவன் விடவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான்.

"நீ பாட்டுல நின்னு கிழிச்சது ஊருக்கே தெரியும். நைனா வலைய வித்துத் தின்னவன்தானே நீ. உன்னப் பெத்ததுக்கு அவரு இன்னொரு வலை பின்னியிருக்கலாம்."

சிரிப்பு நின்றது. கருவியை விட்டான். அது கயிற்றில் ஊசலாடியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "பதினொண்ணாம் கொடிக்கு வா. அங்கயும் நான்தான் நிப்பேன்," என்றான்.

பதினோராவதுதான் அதிகப் புள்ளி உள்ளது. தெற்குக் கோடியில், போன மழைக்குப் பின் புதிதாகச் சவுக்குக் கன்று வைத்த திடலில் கட்டியிருந்தார்கள். நிவேதா ஒன்பதையும் பத்தையும் குத்திவிட்டு அங்கே திரும்பியபோது கைக்கடிகாரத்தில் எட்டு முப்பத்தைந்து. ஒரு மணல் மேட்டில் ஏறியதும் விளக்கைப் பார்த்தாள். இருநூறு தப்படி தூரம் இருக்கும். தரையோடு தரையாக நின்றது. பிரவீன்தான் உட்கார்ந்துவிட்டான், ஊசியைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அவள் நின்று பார்த்தாள். விளக்கு அசையவில்லை. சவுக்கு இலைகளின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. விசில் சத்தம் இல்லை. விளக்கை யாரும் தூக்கி ஆட்டவில்லை. போனால் மறுபடி மல்லுக்கு நிற்க வேண்டும். பத்து நிமிஷம் போகும். அவன் விடவும் மாட்டான். அதை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு ஓடினால் நேரத்துக்குள் திரும்பிவிடலாம். இவன் இங்கேயே உட்கார்ந்து நேரத்தைத் தொலைத்தால் இவன் புள்ளிகளும் குறையும்.

தீனா சொன்ன விதி அவள் நினைவுக்கு வராமல் இல்லை. ஏரியின் வழக்கம் ஒன்று, காட்டின் விதி ஒன்று, இரண்டும் அவளுக்குத் தெரியும். அன்று எது தனக்கு வசதியோ அதை எடுத்துக்கொண்டாள். தன்னைப் பார்த்துவிட்டால் எழுந்து ஓடி வந்துவிடுவானே என்று, நெற்றி விளக்கின் பொத்தானை அழுத்தி அணைத்தாள். இருட்டிலேயே மேட்டை விட்டு இறங்கி மேற்கே போனாள்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் திரும்பியபோது கை தட்டினார்கள். ஊர்க்காரர்களில் முதல், மொத்தத்திலும் இரண்டாவது. தீனா அவள் கையைக் குலுக்கி, "அடுத்த மாசத்துலேருந்து நம்ம ஆளு," என்றார். யாரோ கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வாழ்நாளில் அத்தனை ருசியான தண்ணீரை அவள் குடித்ததில்லை.

ஒன்பதே காலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பிரவீன் வரவில்லை.

"உங்க தம்பிய எங்கயாவது பாத்தீங்களா?" என்று தீனா கேட்டார்.

"பதினொண்ணுல குந்தினு இருக்கான் சார். வேணும்னேதான். பசிச்சா தானா வருவான்."

தீனா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உட்கார்ந்திருந்தாரா? பக்கத்துல போய்ப் பாத்தீங்களா?"

"லைட்ட பாத்தேன்."

"எப்போ?"

அவள் சொன்னாள். சொல்லும்போதுதான் தன் வாயிலிருந்து வரும் நேரம் அவளுக்கே கேட்டது. தீனா ஓடத் தொடங்கியிருந்தார்.

விளக்கு நின்ற இடத்தில் ஒரு குழி இருந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டும் ஊற்றுக்குழி அது. தோப்புக் குத்தகைக்காரர் இரண்டு நாள் முன்புதான் அதை ஆழமாக்கியிருந்தார். வரைபடத்தில் அது இல்லை. விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரிந்து அவனை உள்ளே கொண்டுபோயிருக்கிறது. ஏற முயன்றபோது மறுபக்கமும் சரிந்திருக்கிறது. தலையிலிருந்து கழன்ற விளக்கு மட்டும் குழியின் விளிம்பில் மணலில் செருகிக்கொண்டு, காட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. கழுத்துவரை மணல். விசில் அதற்குள். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கை எட்டிய இடமெல்லாம் தோண்டப்பட்டிருந்தது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்து அதே இடத்தை நிரப்பியிருந்தது.

தோணிரேவிலிருந்து ஓடிவந்த ஆண்கள் கையாலும் சோற்றுத் தட்டாலும் மணலை வாரினார்கள். வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மணல் நெஞ்சை அழுத்தி அழுத்தி மூச்சு நின்றிருக்கிறது என்றார். சத்தம் போட நெஞ்சில் காற்று இருந்திருக்காது.

"உடனேயே போயிட்டானா சார்?" என்று நிவேதா கேட்டாள். ஆமாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"இல்லம்மா. ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட உயிர் இருந்திருக்கும்," என்றார் அவர். அவருக்கு அது ஒரு தகவல்.

குழிக்குள் இருந்தவனுக்கு மேட்டில் நின்றவள் தெரிந்திருக்க மாட்டாள். ஆனால் அவள் வந்த வெளிச்சம் சவுக்கு மரங்களின் மேல் பட்டிருக்கும். அது தெரிந்திருக்கும். அணைந்ததும் தெரிந்திருக்கும். நிவேதா இதை அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் ஊர் கூடியது. நிவேதா தன் விளக்கை அணைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். தலைவர் பெரியசாமி எல்லோரையும் விசாரித்துவிட்டுச் சொன்னார். "பொண்ணு மேல குத்தம் சொல்றதுக்கு இல்ல. நின்ன விளக்காண்ட நாம யாரும் போவ மாட்டோம். லைட்ட அணைச்சிட்டு ஒதுங்கிப் போச்சு பாரு, தசரதன் வளர்த்த வளர்ப்பு." கூடியிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. திட்டு வாங்கத்தான் அவள் போய் நின்றிருந்தாள்.

பிறகு பெரியசாமி அடுத்த பேச்சை எடுத்தார். அந்த வீட்டில் இனி ஆண் இல்லை. தசரதனின் பங்கு ஊர்ப் பொதுவுக்குத் திரும்புகிறது. மணியம்மாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க சொன்னது ஏரி வழக்கம்டி. அந்தப் பேன்ட்டு போட்ட ஆளு காட்டுக்கு வேற விதி சொன்னானாமே. கேட்டுக்கினுதானே போன?"

"கேட்டுக்கினுதான்மா போனேன்."

அதற்குப் பின் அம்மா அவளோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தீனா வந்தார். கையில் ஒரே உறைக்குள் இரண்டு காகிதங்கள். ஒன்று வேலை உத்தரவு. இன்னொன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினார். அசையாத விளக்கைக் கண்டால் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி எனக்கு முன்பே சொல்லப்பட்டது. நான் விளக்கைக் கண்டேன். நான் போகவில்லை. கம்பெனியின் மீது எனக்கும் என் குடும்பத்துக்கும் புகார் எதுவும் இல்லை.

"பொய் எதுவும் இல்லையே மேடம்? நடந்தது மட்டும்தான்," என்றார் தீனா.

"குழி வரைபடத்துல இல்லியே சார். அத எழுதலியே."

"அது தோப்புக்காரர் பண்ணது. எங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு, "இதுல கையெழுத்து வந்தாதான் அது செல்லும்," என்று வேலை உத்தரவைக் காட்டினார்.

நிவேதா அம்மாவைப் பார்த்தாள். மணியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போட வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிவேதா அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பாள். அம்மா சொல்லவில்லை. இறால் கம்பெனியில் நிவேதாவின் இடத்தில் வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள். பாடும் போய்விட்டது. காகிதத்தில் இருந்தவை எல்லாம் உண்மை. அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியையும் போடச் சொன்னார் தீனா. போட்டாள்.

"எப்போலேருந்து வேலை?" கேட்டது மணியம்மாள். பத்து நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் அவள் குரல்.

"ஒண்ணாந்தேதிலேருந்து வரட்டும்மா."

"ரூம்பு?"

"அதுவும் ஒண்ணாந்தேதிதான்."

மணியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது நாள் இருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"அது வரைக்கும் நீ எங்க இருக்கப் போற?" என்று கேட்டாள்.