தலைகீழாகத் தொங்கிய மகாராணி

லண்டனில் செவன் கிங்ஸில், எங்கள் சமையலறை யன்னலில், விக்டோரியா மகாராணி பதினாறு வருடமாகக் குடியிருந்தார். பெயர் நான் வைத்ததல்ல; மெக்சிக்கோவின் காட்டுக்கற்றாழை ஒன்றுக்குத் தாவரவியல்காரர் வைத்தது. தடித்த இலைகளில் வெள்ளைக் கோடுகள், நுனியில் கறுப்பு முள், மொத்தத்தில் ஒரு கோவாவின், அதுதான் முட்டைக்கோசின், பருமன். விதை போட்டு வளர்த்தவன் நான். என் மனைவி துசியந்தி முள்ளுக்கோவா என்றுதான் சொல்வாள்.

இது ஆயுளில் ஒரேயொரு தடவை பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். அதற்கு இருபது முப்பது வருடம் எடுக்கும். எனக்கோ அறுபத்திமூன்று. அந்தப் பூவைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கவனிப்பைக் கூட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர், சனிக்கிழமைகளில் மீன் கழுவிய தண்ணீர். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர்கள் நாங்கள். மெக்சிக்கோவிலிருந்து வந்ததை மட்டும் பட்டினி போடலாமா?

போன ஓகஸ்டில் அண்ணையின் மகள் கலியாணத்துக்கு ஜெர்மனி போனேன். துசியந்திக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று கிழமைக்குத் தண்ணீர் விடும் அட்டவணையைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்தபோது மகாராணி வாசலில் நின்று வரவேற்றார். நிற்கவில்லை, தொங்கினார். புதிதாகப் போட்ட நீலக் கதவுக்கு மேலே, கறுப்புக் கயிற்றில், வேர் மேலே, தலை கீழே.

கதவைத் தெருவே பார்த்துப் பெருமூச்சு விட்டதாம். கண்ணூறு கழிய வாசலில் கட்டுவதற்குக் கற்றாழை தேடி துசியந்தி அப்டன் பார்க் கடைகள் வரை போனாளாம். ஒரு கடையிலும் இல்லையாம்.

"இதுவும் கற்றாழைதானே," என்றாள்.

சூட்கேசின் மேல் உட்கார்ந்து அழுதேன், மறைக்க மாட்டேன்.

அடுத்த நாள் வட லண்டன் எட்மண்டனிலிருந்து அஞ்சலீனாவைக் கூப்பிட்டேன். தாவரத் தோட்டமொன்றில் கள்ளிகளைப் பார்த்துக்கொள்பவர். மகாராணியை இறக்கி, வேரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்ன பராமரிப்பு என்று கேட்டார். மீன் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

"அண்ணை, இது செங்குத்து மலையிலை, சுண்ணாம்புப் பாறை வெடிப்புக்குள்ள முளைக்கிற சாமான். மழை பெஞ்சாலும் அங்கை தண்ணி நிக்காது. நீங்கள் தண்ணி விட்டே வேரை அழுக வைச்சிட்டியள். அக்கா கழட்டித் தொங்கவிட்டபடியால்தான் காய்ஞ்சு தப்பியிருக்கு."

இனிப் பூக்குமா என்று கேட்டேன். சும்மா விட்டால் பத்து வருடத்தில் பூக்கலாம் என்றார்.

துசியந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சிரிக்கவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. மானத்தைக் காப்பாற்ற, கதவில் யாருடைய கண் பட்டதாம் என்று நக்கலாகக் கேட்டேன்.

"கதவை விடுங்கோ. இந்தச் செடியிலை பட்டது உங்கடை கண்தான். நாளுக்குப் பத்துத்தரம் போய்ப் போய்ப் பார்த்தது ஆர்?"

மகாராணி இப்போது கல்லும் மணலும் நிரப்பிய சட்டியில், பழைய யன்னலில் இருக்கிறார். தண்ணீர்க் குவளை துசியந்தியின் அலுமாரியில் பூட்டில் இருக்கிறது. காலையில் தேத்தண்ணி போடப் போகும்போது, "பாராமல் போங்கோ," என்று பின்னாலிருந்து குரல் வரும். நானும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போகிறேன். எழுபத்திமூன்று வயதில் அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமே.